120ஆ, 140ஆ? ரத்த அழுத்த ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன

சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டும் 58 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று பி.பி. பார்த்தால் 152. சாயங்காலம் ஐந்து ரோடு பக்கம் மருந்துக்கடையில் 138. இரண்டு நாள் கழித்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெண் பார்த்துச் சொன்னது 144. இதற்கிடையே கைப்பேசியில் ஒரு செய்தி: "அமெரிக்காவில் 130 தாண்டினாலே ரத்தக் கொதிப்பு." இன்னொன்று: "120க்குக் கீழே கொண்டுவந்தால் மாரடைப்பு 25 சதவீதம் குறையும்." ஏற்காட்டிலிருந்து வந்த மாமா சொல்வது வேறு: "வயசோட நூறைக் கூட்டிக்க மாப்ளே, அதுதான் நார்மல்."

இதில் யார் சொல்வது சரி? மாமா சொன்னது மட்டும் தவறு என்று தயங்காமல் சொல்லலாம். கைப்பேசியில் வந்த எண்கள் எங்கோ ஓர் ஆய்விலிருந்து வந்தவை. அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், எப்படி அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்து வந்ததால்தான் குழப்பம்.

எண் எதைக் காட்டுகிறது

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக் குழாயின் சுவர் மீது விழும் அழுத்தம் மேல் எண். 152, 138 என்று மேலே பார்த்தவை எல்லாம் இதுதான். இரண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். அலகு, பாதரசத்தின் மில்லிமீட்டர் உயரம். பாதரசக் கருவி பல இடங்களில் போய்விட்டாலும் அலகு மட்டும் தங்கிவிட்டது. கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அளக்கும் முறையை 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்டு இரண்டு எண்ணையும் குறிக்கும் முறை 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ் தந்தது.

ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் பி.பி. தப்பாகக் காட்டும் என்று சிலர் நம்புகிறார்கள். கருவி அளப்பது, சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்கு மேல் ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு கூடுதல் என்பதை. ஆகவே கீழே கோரிமேட்டில் அளந்தாலும் மேலே நாகலூரில் அளந்தாலும் கருவிக்கு ஒன்றுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் தலைசுற்றி இறங்கிய கையோடு அளந்தால் எண் ஏறும். அதற்குக் காரணம் மலையின் உயரம் இல்லை, பயணம்.

"100 கூட்டல் வயது" எப்படி விழுந்தது

மாமாவின் கணக்கு ஏதோ கிராமத்து நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே இப்படித்தான் நினைத்தார்கள். வயதானால் குழாய் இறுகும், இறுகிய குழாயில் ரத்தம் போக அழுத்தம் கூடித்தான் ஆக வேண்டும், அதைக் குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகாது என்பது அவர்கள் வாதம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் பி.பி. 1941இல் 188/105. அவரது மருத்துவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்தபோது அளவு 300/190. உலகிலேயே மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட நோயாளிகளில் ஒருவர் அவர்.

அப்புறம் வந்த ஆய்வுகள் படிப்படியாக இந்த நம்பிக்கையை உடைத்தன.

1. 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்காம் ஆய்வு. அமெரிக்காவின் ஒரு சிறு நகரத்தில் 5,209 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை, பார்த்தார்கள், எழுதினார்கள், அவ்வளவுதான். அழுத்தம் கூடக் கூட இதய நோய் கூடியது தெரிந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. அழுத்தத்தைக் குறைத்தால் நோயும் குறையுமா என்பது தனிக் கேள்வி.

2. 1967இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு. கீழ் எண்ணே 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் குழுவில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மருந்துக் குழுவில் 2 பேருக்கு. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு 143 பேரே போதுமானதாக இருந்தது.

3. 1991இல் வந்த ஷெப் ஆய்வு நேராக மாமாவின் கணக்குக்கே வந்தது. 60 வயது தாண்டிய, மேல் எண் மட்டும் கூடுதலாக இருந்த 4,736 பேர். பழைய, விலை குறைந்த, சிறுநீரைக் கூட்டும் குளோர்தாலிடோன் மாத்திரையில் தொடங்கினார்கள். பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

4. 80 வயது தாண்டியவர்களுக்கு? 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வு அவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது, 3,845 பேர். மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு 21 சதவீதம் குறைவு. கவனிக்க வேண்டியது, அங்கே இலக்கு 150/80. 120 இல்லை.

2002இல் பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்த கணக்கு இன்னொன்றையும் காட்டியது. 115/75இலிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. 40 முதல் 69 வயதுக்குள், மேல் எண் ஒவ்வொரு 20 ஏறும்போதும் இதய நோய், பக்கவாத இறப்பு இரண்டு மடங்காகிறது. ஏற்காடு மலைப்பாதை போல அது ஒரே ஏற்றம். "இதுவரை சமதளம், இங்கிருந்து மலை" என்று கோடு கிழிக்க இயற்கையில் இடமே இல்லை. 140 என்பதும் 130 என்பதும் நாமாக நட்ட மைல்கல். அதனால்தான் அமெரிக்க மருத்துவர்கள் 2017இல் அதை 130/80க்கு நகர்த்த முடிந்தது. ஐரோப்பியர்கள் 2024இல் ரத்தக் கொதிப்பு என்ற பெயரை 140/90இலேயே வைத்துக்கொண்டு, 120 முதல் 139 வரை "உயர்ந்த அழுத்தம்" என்று புதிதாக ஒரு பெயர் வைத்தார்கள். நோயாளியின் உடம்பில் ஒன்றும் மாறவில்லை, பெயர்தான் மாறியது.

ஒப்பீடு இல்லாமல் ஏன் எதையும் நம்ப முடியாது

மலையில் கிடைக்கும் ஏதோ ஒரு மூலிகைக் கஷாயம் பிரஷரைக் குறைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். சோதித்துப் பார்க்க, செவ்வாய்ப்பேட்டையில் முகாம் போட்டு 200 பேருக்கு அளக்கிறோம். 150க்கு மேல் இருந்த 40 பேரைப் பிரித்து ஒரு மாதம் கஷாயம் கொடுக்கிறோம். திரும்ப அளந்தால் சராசரியாக 10 குறைந்திருக்கிறது. கஷாயம் வேலை செய்ததா?

செய்திருக்கலாம். ஆனால் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் அளவு இறங்கியிருக்கும். காரணங்கள்:

1. ரத்த அழுத்தம் நாளுக்கு நாள், மணிக்கு மணி ஏறி இறங்கும். முகாம் நடந்த நாளில் 150 தாண்டியவர்களில் பலர் அன்றைக்கு மட்டும் ஏறி இருந்தவர்கள். அடுத்த மாதம் அவர்கள் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்புவார்கள். உச்சத்தில் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அடுத்த அளவு இறங்கத்தான் செய்யும். தேர்வில் முதல் மார்க் வாங்கிய பையன் அடுத்த தேர்வில் சற்றுக் கீழே வருவது போல.

2. இரண்டாவது முறை வரும்போது இடம் பழகியிருக்கும், பயம் குறைந்திருக்கும்.

3. "சிகிச்சை எடுக்கிறோம்" என்ற நினைப்பே சிலருக்கு அளவைக் குறைக்கும். கஷாயம் குடிக்க ஆரம்பித்தவர் ஊறுகாயையும் சேர்த்தே குறைத்திருப்பார்.

இந்த மூன்றையும் கழித்துக்கொள்ள ஒரே வழி, அந்த 40 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கஷாயமும் மீதிப் பேருக்கு அதே நிறம், அதே கசப்பில் வேறொன்றும் கொடுப்பது. யாருக்கு எது போனது என்பது குடிப்பவருக்கும் தெரியக்கூடாது, பி.பி. அளப்பவருக்கும் தெரியக்கூடாது. குலுக்கல் ஏன் முக்கியம்? விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுத்தால், உடம்பில் அக்கறை உள்ளவர்களே முன்வருவார்கள். அவர்கள் ஏற்கெனவே நடைப்பயிற்சி போகிறவர்களாக இருப்பார்கள்.

கஷாயத்தை மட்டும் சந்தேகிப்பது நியாயமில்லை. விலை உயர்ந்த கருவிகளும் இதே இடத்தில் சறுக்கியிருக்கின்றன. தொடைக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டு ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. 2010இல் 106 பேரிடம் செய்த ஆய்வில் மேல் எண் 32 மி.மீ. இறங்கியது என்றார்கள். மருத்துவ உலகமே பரபரத்தது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருந்தது, ஆனால் அவர்களுக்குப் போலிச் சிகிச்சை எதுவும் செய்யவில்லை. 2014இல் 535 பேரிடம் மறுபடி செய்தபோது, ஒப்பீட்டுக் குழுவையும் மேஜையில் படுக்க வைத்து, மயக்கம் கொடுத்து, கம்பியை விட்டுப் படமெடுத்து, நரம்பை மட்டும் சுடாமல் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 மி.மீ. இறக்கம். ஒன்றுமே செய்யாமல் அனுப்பப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 12 மி.மீ. இறக்கம்! நிஜமான லாபம் இரண்டரை மி.மீ.கூட இல்லை. பின்னால் கருவியைத் திருத்தி, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, சில மி.மீ. பலன் உண்டு என்று காட்டிய பிறகு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 32 என்று ஆரம்பித்த கதை அது.

எண் இறங்கினால் போதுமா?

போதாது என்பதற்கு இதய மருத்துவத்தில் ஒரு கசப்பான பாடம் உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு நடுநடுவே இதயம் தப்பான தாளத்தில் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அந்தத் துடிப்பை நிறுத்த மாத்திரைகள் இருந்தன, இ.சி.ஜி.யில் துடிப்பு அழகாகச் சீராவதும் தெரிந்தது. ஆகவே உயிர் பிழைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், டாக்டர்கள் எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். காஸ்ட் என்ற ஆய்வு அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. 1989இல் அந்த மாத்திரைகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991இல் வந்த முழுக் கணக்கின்படி ஃபிளெகைனைட், என்கைனைட் மாத்திரை எடுத்தவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு ஆள் இருந்த வெற்று மாத்திரைக் குழுவில் 26 பேர். இ.சி.ஜி. நன்றாக இருந்தது, ஆள் இல்லை.

இ.சி.ஜி., பி.பி., கொழுப்பு அளவு போன்றவற்றை ஆய்வு மொழியில் பதிலிக் குறியீடு என்று சொல்லலாம். நமக்கு உண்மையில் வேண்டியது சாகாமல், பக்கவாதம் வராமல் இருப்பது. இவை அதற்குப் பதிலாக நாம் பார்க்கும் எண்கள். ரத்த அழுத்தம் ஓரளவு நம்பகமான பதிலி, ஏனென்றால் மேலே சொன்ன பல ஆய்வுகளில் அது இறங்கியபோது பக்கவாதமும் இறப்பும் குறைந்தன. ஆனால் "இது பி.பி.யைக் குறைக்கும்" என்ற ஒரே வரியோடு எந்தச் செய்தி வந்தாலும், அந்த வரிக்கு அப்பால் என்ன அளந்தார்கள் என்று தேடுவது நல்லது.

அந்த 25 சதவீதம் எங்கிருந்து வந்தது

இப்போது 120க்கு வருவோம். இது பெரும்பாலும் 2015இல் வெளியான ஸ்பிரின்ட் என்ற அமெரிக்க ஆய்விலிருந்து வருகிறது. 50 வயது தாண்டிய 9,361 பேர். ஒரு குழுவுக்கு இலக்கு 140க்குக் கீழே, மற்றதற்கு 120க்குக் கீழே. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். கணக்கு இப்படி:

1. 140 குழுவில் 319 பேருக்கு இதயம் அல்லது மூளை சார்ந்த பெரிய பாதிப்பு, அதாவது நூற்றுக்கு 6.8 பேர்.
2. 120 குழுவில் 243 பேருக்கு, நூற்றுக்கு 5.2 பேர்.
3. 6.8உடன் ஒப்பிட்டால் 5.2 என்பது ஏறக்குறைய கால் பங்கு குறைவு. செய்தியில் வந்த 25 சதவீதம் இதுதான்.
4. நூறு பேரை வைத்துப் பார்த்தால் குறைந்தது 1.6 பேர். 61 பேருக்கு மூன்றே கால் வருடம் கூடுதலாக மருந்து கொடுத்தால் ஒருவர் தப்புவார்.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே உண்மைதான், இரண்டும் பொய்யில்லை. ஜவுளிக்கடையில் "25 சதவீதத் தள்ளுபடி" போர்டு பார்த்தால், எத்தனை ரூபாய்ப் புடவைக்கு என்று கேட்காமல் யாரும் உள்ளே போவதில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவருக்குக் கால் பங்கு குறைவது பெரிய லாபம். ஆபத்தே குறைவாக உள்ள ஒருவருக்கு அதே கால் பங்கு மிகச் சிறியது.

இன்னொரு பிழையும் அந்தத் தலைப்பில் இருக்கிறது. "மாரடைப்பு 25 சதவீதம் குறையும்" என்பது ஆய்வு சொன்னது இல்லை. அந்த 25 சதவீதம் மாரடைப்பு, பக்கவாதம், இதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொள்வது, இதய நோயால் இறப்பு என்று பலவற்றைச் சேர்த்த கூட்டுக் கணக்கு. அதில் நன்றாகக் குறைந்தது இதயப் பலவீனம், 100 பேரிலிருந்து 62 பேராக. மாரடைப்பு 116இலிருந்து 97, தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம். எந்தக் காரணத்தாலும் நேர்ந்த இறப்பு 210இலிருந்து 155ஆனதுதான் என் பார்வையில் அந்த ஆய்வின் பலமான பக்கம்.

செலவுப் பக்கமும் உண்டு. 120 குழுவினருக்குச் சராசரியாக ஒரு மாத்திரை கூடுதல். அளவுக்கு மீறி அழுத்தம் விழுவது, மயங்குவது, உப்புச் சத்து குறைவது, சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படுவது போன்றவை அந்தக் குழுவில் அதிகம். ஏப்ரல், மே வெயிலில் சேலத்தில் வெளியே வேலை செய்பவருக்கு வியர்வையிலேயே நீரும் உப்பும் போகும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது சாதாரணம். அதை "கோடை கிறுகிறுப்பு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர் மாத்திரை அளவை மாற்றுவார். அதே சமயம் தானாக மாத்திரையை நிறுத்துவதும் சரியில்லை. ஸ்பிரின்ட் முடிந்து ஆட்கள் வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பியதும் அவர்களது அழுத்தம் மெல்ல மேலே ஏறியது, இறப்பில் கிடைத்த லாபமும் வருடங்களில் கரைந்தது.

எந்த 120?

செய்திகளில் சுத்தமாகக் காணாமல் போவது இந்தப் பகுதிதான். ஸ்பிரின்ட்டில் நோயாளியை அமைதியான அறையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தார்கள். பல மையங்களில் அளக்கும்போது அறையில் மருத்துவரோ நர்ஸோ இல்லை. அதே ஆட்களை அவர்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் அளந்த எண்ணோடு பின்னால் ஒப்பிட்டார்கள். மருத்துவமனை எண்தான் கூடுதலாக இருந்தது.

நம்மூர் வெளிநோயாளர் பிரிவில் ஐந்து நிமிடம் அமைதி எங்கே? டோக்கன் எண்ணைக் கவனித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர் முதுகில் முட்ட, உட்காரும்போதே பட்டையைச் சுற்றுவார்கள். அங்கே இருப்பவர்களைக் குறை சொல்லி ஒன்றுமில்லை, கூட்டம் அப்படி. ஆனால் அங்கே வரும் 132உம் ஸ்பிரின்ட்டின் 120உம் ஒரே ஆளின் ஒரே அழுத்தமாகவே இருக்கலாம். வரிசையில் அளந்த எண்ணை 120க்குக் கீழே இழுக்க மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால், வீட்டில் அவரது அழுத்தம் 108க்கு விழலாம்.

எது எவ்வளவு மாற்றும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது.

1. கை இருக்கும் இடம். பட்டை சுற்றிய இடம் இதய மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 செ.மீ. இறங்கும்போதும் எண் 7, 8 மி.மீ. கூடும். இது கிணற்றில் ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் அதே விதி. 2024இல் அமெரிக்காவில் 133 பேரிடம் சோதித்தார்கள். கையை மேஜைமேல் சரியான உயரத்தில் வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தால் மேல் எண் 4, தொங்கவிட்டால் 6.5 கூடுதல்.
2. பட்டையின் அளவு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடும்.
3. காப்பி, பீடி, சிகரெட். அரை மணி நேரத்துக்கு முன் எதுவும் கூடாது. எஸ்டேட் காப்பியை ருசித்துவிட்டு உடனே அளந்து பதறியவர்கள் ஏற்காட்டில் இருக்கத்தான் செய்வார்கள்.
4. பேச்சு, முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர், சாயாத முதுகு, கால்மேல் கால். எல்லாம் கூட்டும், எதுவும் குறைக்காது.

இதனால்தான் வீட்டில் அளப்பதற்குத் தனிக் கோடு. மருத்துவமனையில் 140/90 என்றால் வீட்டில் 135/85. மருத்துவமனையில் மட்டும் ஏறுபவர்கள் உண்டு, அங்கே அடங்கி வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள், ஏனென்றால் அவர்களை யாரும் கண்டுபிடிப்பதில்லை. நம் அம்மாபேட்டைக்காரரின் மூன்று எண்களில் எது உண்மை என்று கேட்டால், எதையும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம் காலையும் மாலையும் ஒழுங்காக உட்கார்ந்து எடுத்த எண்களின் சராசரியைக் கொண்டுபோனால் டாக்டருக்கு முடிவெடுக்க ஏதாவது இருக்கும்.

யாரைச் சேர்த்தார்கள்

ஸ்பிரின்ட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இல்லை. பக்கவாதம் வந்தவர்களும் இல்லை. நம்மூரில் பிரஷரும் சுகரும் ஒரே பையில்தான் மாத்திரையாக வருகின்றன, ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

சர்க்கரை உள்ள 4,733 பேரிடம் 2010இல் இதே கேள்வியைக் கேட்ட அக்கார்ட் ஆய்வில், பக்கவாதம் குறைந்தாலும் மொத்தக் கணக்கில் தெளிவான பலன் வரவில்லை. 2024இல் சீனாவில் சர்க்கரை உள்ள 12,821 பேரிடம் நடந்த பிப்ரோட் ஆய்வில் 120 இலக்குக் குழுவுக்குப் பாதிப்பு 21 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு, அதே நாட்டில், சர்க்கரையும் பக்கவாதமும் உள்ளவர்களையும் சேர்த்த 11,255 பேரின் எஸ்பிரிட் ஆய்வில் 12 சதவீதம். மூன்றையும் சேர்த்துப் படித்தால், தாங்கக்கூடியவர்களுக்கு இறக்குவது நல்லது என்ற பக்கமே தராசு சாய்கிறது. "தாங்கக்கூடியவர்களுக்கு" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

இந்தியர்களிடம் நடந்த ஆய்வு உண்டா? டாப்ஸ்பின் உண்டு, 2024இல் முடிவு வந்தது. 32 மருத்துவமனைகள், 1,981 பேர். இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை மூன்று விதமாகக் கொடுத்து ஒப்பிட்டார்கள்: அம்லோடிபின், பெரிண்டோப்ரில், இண்டபமைட் ஆகிய மூன்றில் இரண்டிரண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன, சுமார் 70 சதவீதம் பேர் 140/90க்குக் கீழே வந்தார்கள். எந்தச் சோடி சிறந்தது என்று தலையை உடைத்துக்கொள்வதைவிட, இரண்டில் தொடங்கி விடாமல் சாப்பிட வைப்பதே பெரிய வேலை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் இது அளந்தது அழுத்தத்தை. பக்கவாதம் எத்தனை குறைந்தது என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

உப்பு: ஊரையே குலுக்கிப் போட்ட ஆய்வு

மாத்திரையைக் குலுக்கல் போடலாம், உப்பை எப்படிப் போடுவது? ஒரே வீட்டில் ஒரே குழம்புதானே. 2021இல் வெளியான சீன ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. ஆட்களை விட்டுவிட்டு 600 கிராமங்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு, பாதியில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. பக்கவாதம் வந்தவர்களும், 60 தாண்டிய ரத்தக் கொதிப்புக்காரர்களுமாக 20,995 பேர், ஏறக்குறைய ஐந்து வருடம். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பு 12 சதவீதம்.

இந்த முடிவு நமக்குப் பொருந்துமா? அமெரிக்கர்களுக்கு உப்பு பெரும்பாலும் பாக்கெட் உணவில் போகிறது, சமையலறை உப்பை மாற்றினால் பெரிய பலன் இருக்காது. அந்தச் சீனக் கிராமங்களில் உப்பு பெரும்பாலும் வீட்டு அடுப்பில் சேர்வது. வெள்ளக்கடையிலோ மஞ்சக்குட்டையிலோ ரசம், குழம்பு, ஊறுகாய், கருவாடு என்று போகும் வீடும் அப்படித்தான். டவுனில் கதை கொஞ்சம் வேறு. சாயங்காலம் தட்டுவடை செட், பேக்கரி பப்ஸ் என்று வெளியே சாப்பிடுவதில் சேரும் உப்பை வீட்டு உப்பு ஜாடியால் மாற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் சில பி.பி. மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இந்த உப்பு இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்கு ஆபத்தாகலாம். "லோ சோடியம்" என்று பாக்கெட்டில் பார்த்ததும் பெரியவர்களுக்கு வாங்கிக்கொடுத்துவிடக் கூடாது.

உங்களையே ஆய்வில் சேரச் சொன்னால்

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. என்றாவது ஒரு நாள் "ஒரு ஸ்டடி இருக்கு, சேர்றீங்களா" என்று உங்களையே யாராவது கேட்கலாம். "நம்மள எலி ஆக்கப் பாக்கறாங்க" என்ற பயம் வருவது இயல்பு. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம், அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2019இல் வந்த விதிகளின்படி ஆய்வை அனுமதிக்கும் அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை:

1. பதிவேட்டு எண் என்ன? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா?
2. எதோடு ஒப்பிடுகிறீர்கள்? எனக்கு வெற்று மாத்திரை விழுந்தால், இப்போது சாப்பிடும் பி.பி. மாத்திரை தொடருமா, நிற்குமா?
3. என்ன அளக்கப் போகிறீர்கள்? பி.பி. எண்ணையா, மாரடைப்பு, பக்கவாதத்தையா?
4. ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? ராத்திரியில் கூப்பிட எந்த எண்?
5. நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா? சட்டப்படி பாதிக்கப்படக்கூடாது. காரணம் சொல்லாமலே விலகலாம்.
6. மலையிலிருந்து ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி வர பஸ் கட்டணமும், அன்றைய கூலி இழப்பும் கொடுப்பீர்களா?
7. ஆய்வு முடிந்ததும், எனக்குப் போனது எந்த மாத்திரை என்று சொல்வீர்களா?